அதிகம் பழக்கமில்லாத காய்கறிகளை எப்போது நடுவது?

கேள்வி இதுதான்: பெர்மாகல்ச்சர் முறையில் (பல்லாண்டுப் பயிர்களை மையமாக வைக்கும் முறை) தோட்டம் தொடங்கியிருக்கும் ஒருவர், ஓக்கா, யாக்கோன் என்ற கிழங்குகள், சிறகவரை, வேருக்காக வளர்க்கும் ஸ்கிரெட், குருத்துக்காக வளர்க்கும் சீ கேல் போன்ற அதிகம் பழக்கமில்லாத காய்கறிகளை எந்தெந்த மாதத்தில் நடுவது என்று ஓர் அட்டவணை கேட்டிருக்கிறார். அவர் இருப்பது உறைபனி விழும் இடமா, மழைக்காலமும் வெயில்காலமும் மட்டுமே உள்ள இடமா என்று சொல்லவில்லை. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

மாத அட்டவணை தக்காளிக்கும் வெண்டைக்கும் சரிப்படும். பல தலைமுறையாக ஒரு வட்டாரத்தில் பயிரிட்டு, ஒத்துவராத ரகங்களைக் கழித்துக் கழித்து, அந்தப் பட்டத்துக்குப் பழகிய விதையைத்தான் இன்று வாங்குகிறோம். புதிதாக வந்து சேரும் காய்கறிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அது தன் சொந்த ஊரின் பருவத்தை உடம்பில் வைத்துக்கொண்டு வருகிறது. ஆகவே "எந்த மாதம்?" என்பதை விட்டுவிட்டு, "இந்தச் செடி எதற்காகக் காத்திருக்கிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை மூன்றில் ஒன்றாக இருக்கும்: பகலின் நீளம், குளிர், மண்ணின் சூடு. பெர்மாகல்ச்சர் தோட்டத்தில் நாலாவதாக ஒன்று சேரும்: தோட்டத்தின் வயது. இதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

பகல் நீளத்திலிருந்து தொடங்குகிறேன். புதுச் செடி வளர்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். செடி நன்றாக வளரும், பச்சைப்பசேலென்று புதராகும். ஆனால் தோண்டினால் கிழங்கு இருக்காது, அல்லது கொடியில் ஒரு பூ கூட இருக்காது. உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் மட்கு போடுவார்கள். குறை மட்கில் இல்லை.

ஓக்கா தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதிக் கிழங்கு. பகலின் நீளம் சுமார் 12 மணி நேரத்துக்குக் குறைந்த பிறகுதான் அது கிழங்கு வைக்கத் தொடங்கும். நிலநடுக்கோட்டிலிருந்து 50 டிகிரி தள்ளி இருக்கும் இடத்தில் கோடைப் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். குளிர்காலத்தில் 8 மணி நேரமாக இறங்கும். அங்கே ஓக்கா கோடை முழுவதும் இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். பகலும் இரவும் சமமாகும் இலையுதிர்கால நாள், அதாவது வடக்கே செப்டம்பர் 22 அல்லது 23, தெற்கே மார்ச் 20 அல்லது 21, கடந்த பிறகுதான் மண்ணுக்கடியில் வேலை ஆரம்பமாகும். அதற்குள் உறைபனி வந்து இலையைக் கருக்கிவிட்டால் விளைச்சல் கோலிக்குண்டு அளவோடு நின்றுவிடும்.

இதிலிருந்து நடும் நேரம் தானாகவே கிடைக்கிறது. சமநாள் வருவதற்குள் பெரிய, பலமான செடி தயாராக இருக்க வேண்டும். கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே கிழங்கைத் தொட்டியில் முளைக்க வைத்து, உறைபனி பயம் போனதும் பாத்திக்கு மாற்றுங்கள். ஆனால் வசந்தத்தில் இரண்டு வாரம் முன்னால் நடுவதால் கிடைப்பதைவிட, இலையுதிர்காலத்தில் செடியை இரண்டு வாரம் கூடுதலாகக் காப்பாற்றுவதால் கிடைப்பது அதிகம். ஒரு மெல்லிய தோட்டத்துணியோ, தெற்குப் பார்த்த சுவரோரமோ (தெற்கு அரைக்கோளத்தில் வடக்குப் பார்த்தது) போதும். இலை கருகிய பிறகும் உடனே தோண்ட வேண்டாம். தண்டில் மிச்சமிருக்கும் சத்து ஒன்றிரண்டு வாரம் கிழங்குக்கு இறங்கிக்கொண்டே இருக்கும்.

உல்லுக்கோ, மஷுவா என்ற ஆண்டிஸ் கிழங்குகளுக்கும் இதே குணம்தான். மஷுவாவில் மட்டும் 'கென் ஆஸ்லெட்' என்ற ரகம் பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை; நீண்ட கோடை உள்ள இடத்தில் இருப்பவர்கள் அதைத் தேடி வாங்கலாம். வெப்பமண்டலச் சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்த மூன்றையும் நான் சொல்லமாட்டேன். அங்கே பகல் நீளம் பொருத்தம்தான், ஆனால் சூட்டைத் தாங்காது. குளிர்ந்த மலைப்பகுதி என்றால் முயலலாம்.

யாக்கோனும் ஆண்டிஸிலிருந்து வந்ததுதான். ஆனாலும் பகல் நீளத்தில் அத்தனை பிடிவாதம் இல்லை. அதற்கு வேண்டியது நீண்ட பருவம்: உறைபனி இல்லாத ஆறேழு மாதம். முடிந்தவரை சீக்கிரம் நட வேண்டிய பயிர் இது. தோண்டும்போது இரண்டு வகை வேர் வரும். பெரிதாக, வழவழப்பாக இருப்பது சாப்பிட. அதை நட்டால் முளைக்காது, அதில் முளைக்கண் இல்லை. தண்டின் அடியில் செந்நிறத்தில் முடிச்சு முடிச்சாக இருப்பதுதான் அடுத்த ஆண்டுக்கான நடவுப்பொருள். அதை உறைபனி படாத இடத்தில், லேசான ஈரமுள்ள மணலில் வைத்திருந்து, வசந்தம் வரும்போது துண்டு போட்டுத் தொட்டியில் முளைக்க வையுங்கள்.

இப்போது வெப்பமண்டலப் பக்கம். நிலநடுக்கோட்டிலிருந்து 10 டிகிரியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் சிறகவரைக்கு அதுவே போதும். அதன் பெரும்பாலான ரகங்கள் பகலின் நீளம் 12 மணி நேரத்துப் பக்கம் இறங்கினால்தான் பூ எடுக்கும். மழை தொடங்கும்போது விதைத்தால் பகல் குறையத் தொடங்கும் நேரத்தில் கொடி இரண்டு மூன்று மாத வயதில், பந்தல் முழுக்கப் படர்ந்து, பூக்கத் தயாராக இருக்கும். பகல் நீண்டுகொண்டே போகும் காலத்தில் விதைத்தால் மாதக்கணக்கில் இலைதான். அதிலும் நஷ்டமில்லை, இளம் இலையையும் சமைக்கலாம், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். காய்க்காகத்தான் காத்திருக்க வேண்டும். விதையின் தோல் கடினம். ஓர் ஓரத்தில் லேசாகக் கீறி, ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள்.

நீண்ட கோடையும் சீக்கிரக் குளிரும் உள்ள நாட்டில் சிறகவரை பெரும்பாலும் வீண் வேலை. பூக்கும் நேரத்தில் பனி வந்துவிடும். கண்ணாடிக்குடில் இருந்தால் வேறு கதை.

சௌசௌவும் இதே போல. பகல் குறைந்த பிறகுதான் பூக்கும். பூவிலிருந்து காய் பறிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆக, உங்கள் இடத்தில் இலையுதிர்காலச் சமநாளுக்குப் பின் உறைபனி வர குறைந்தது ஆறேழு வாரமாவது ஆகுமா என்று பாருங்கள். ஆகாது என்றால் விட்டுவிடுங்கள். நடுவதற்கு முழுக் காயையே எடுத்து, வெளிச்சம் குறைந்த அறையில் வைத்து முளை விட்டதும், முளை மேலே பார்க்கும்படி பாதி புதைத்தால் போதும். உள்ளே இருக்கும் ஒரே விதையைத் தோண்டியெடுக்க முயல வேண்டாம்.

ஹிகமா கிழங்குக்கு மழைக்காலத் தொடக்கம்தான் நேரம். பருவத்தில் முன்னால் விதைத்தால் பெரிய கிழங்கு, தள்ளி விதைத்தால் சிறிய கிழங்கு. பூ வந்தால் கிள்ளிவிடுங்கள், கிழங்கு பருக்கும். ஒரு எச்சரிக்கை: அதன் முற்றிய காயும் விதையும் நஞ்சு. குழந்தைகள் விளையாடும் பக்கம் கொடியைக் காய்க்க விடாதீர்கள்.

அடுத்து குளிர் கேட்கும் செடிகள். ஸ்கிரெட், சீ கேல், குட் கிங் ஹென்றி என்ற கீரை, ராம்சன்ஸ் என்ற காட்டுப்பூண்டு ஆகியவற்றின் விதைகள் ஒரு குளிர்காலத்தைக் கடந்து வந்தால் நன்றாக முளைக்கும். வசந்தத்தில் விதைப் பொட்டலத்தைப் பிரித்து நேராகத் தொட்டியில் போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து "விதை சரியில்லை" என்பார்கள். விதை நன்றாகத்தான் இருந்திருக்கும். இவற்றை இலையுதிர்காலத்திலேயே தொட்டியில் விதைத்து, எலி தொடாதபடி மேலே கம்பி வலை போட்டு, வெட்டவெளியில் வைத்துவிடுங்கள். தாமதமாகிவிட்டதா? சரி, ஈர மணலில் விதையைக் கலந்து பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் நான்கிலிருந்து ஆறு வாரம் வைத்து எடுத்து விதைக்கலாம்.

சீ கேல் விதைக்குத் தக்கை போன்ற ஓடு ஒன்று உண்டு. அதை மெதுவாக உடைத்து நீக்கினால் முளைப்பு சீராக வரும். வேர்த்துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது, வசந்தத் தொடக்கத்தில் நட்டுவிடலாம். விதையிலிருந்து வந்த செடியின் குருத்தை மூடி வெளுக்க வைத்து அறுப்பதற்கு மூன்றாம் ஆண்டு வரை பொறுக்க வேண்டும். அதற்கு முன் கை வைத்தால் வேர் தேறாது.

ராம்சன்ஸ் தனி ரகம். அதன் விதை கோடையில் உதிரும்போதே, ஈரம் காயுமுன் விதைக்க வேண்டும். காய்ந்த விதை என்றால் முளைக்க ஓராண்டு, சில சமயம் இரண்டாண்டுகூட ஆகும். பூண்டுகளாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

குளிரை விதை மட்டும் கேட்பதில்லை. பூமொட்டைச் சாப்பிடும் ஆர்டிசோக்கில் நாற்றுக்கே குளிர் வேண்டும். முதல் ஆண்டே மொட்டு வேண்டுமானால், இளம் நாற்று 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இரண்டு வாரம் போல நிற்க வேண்டும். அதனால்தான் அதை வெகு சீக்கிரம் விதைத்து, உறைபனி படாத ஆனால் குளிர்ந்த இடத்தில் வைக்கிறார்கள்.

குளிர்காலமே இல்லாத இடத்தில் இருந்தால் என்ன செய்வது? குளிர்சாதனப் பெட்டியால் விதையை ஏமாற்றலாம், செடியை ஏமாற்ற முடியாது. சீ கேலும் ராம்சன்ஸும் முதல் வெயில்காலத்திலேயே போய்விடும். அந்த இடத்தில் தவசிக்கீரை, கொடிப்பசலை, சாயா கீரை என்று பல்லாண்டு தரும் கீரைகள் இருக்கும்போது ராம்சன்ஸுக்காக மல்லுக்கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மூன்றாவது, மண்ணின் சூடு. கொடிப்பசலை, சேப்பங்கிழங்கு, சிறகவரை எல்லாம் காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைவிட மண் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைத்தான் பார்க்கும். மண் வெப்பமானி ஒன்று வாங்கி, 10 சென்டிமீட்டர் ஆழத்தில், காலை நேரத்தில், தொடர்ந்து சில நாள் பாருங்கள். 20 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் இவற்றை விதைக்கலாம். குறைவாக இருந்தால் விதை அழுகும், கிழங்கு சும்மா கிடக்கும். மூன்று வாரம் கழித்து நட்டது, முன்னால் நட்டதை எட்டிப் பிடித்துத் தாண்டிப் போவது இந்தப் பயிர்களில் சகஜம். நிலவைப் பார்த்து நடலாமா என்று அடுத்த கேள்வி வரும். தாராளமாகப் பாருங்கள், கூடவே வெப்பமானியையும் பாருங்கள்.

இங்கேதான் பெர்மாகல்ச்சர் தோட்டம் சாதாரணத் தோட்டத்திலிருந்து மாறுகிறது. நம் பாத்தியில் மூடாக்கு இருக்கும். 10, 15 சென்டிமீட்டர் கனத்துக்கு வைக்கோலோ இலைச்சருகோ போட்டிருந்தால், வசந்த வெயில் மண்ணைத் தொடாது. வெறும் மண் பாத்தி சூடேறிய பிறகும் மூடாக்குப் பாத்தி குளிர்ந்தே கிடக்கும். பக்கத்துத் தோட்டத்தில் விதைத்துவிட்டார்கள் என்று நீங்களும் விதைத்தால் ஏமாற்றம்தான். நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மூடாக்கை ஒதுக்கி மண்ணை வெயில் காய விடுங்கள். நத்தைகளுக்கும் ஒளிய இடமில்லாமல் போகும். செடி ஒரு சாண் வளர்ந்து, மண் நன்றாகச் சூடான பிறகு மூடாக்கைத் திரும்ப இழுத்துப் போடலாம்.

சூடான நாடுகளில் இது தலைகீழ். அங்கே மூடாக்கை எடுக்கக் கூடாது. ஆனால் முதல் மழையை நம்பவும் கூடாது. லேசான மழையை மூடாக்கே குடித்துவிடும். மேலே நனைந்து, அடியில் மண் புழுதியாகவே இருக்கும். நடுவதற்கு முன் மண்வெட்டியால் ஓரிடத்தில் வெட்டிப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்துக்கு மேல் ஈரம் இறங்கியிருந்தால்தான் மழைக்காலம் உங்கள் பாத்திக்கு வந்திருக்கிறது என்று பொருள். ஒரு மழை பெய்து, பிறகு மூன்று வாரம் காய்ந்துவிடும் ஆண்டுகளில் இந்தச் சோதனைதான் விதையைக் காப்பாற்றும்.

சாயா கீரைக்கு இன்னொரு விவரம். அதைப் போத்து வெட்டித்தான் வைப்பார்கள். வெட்டிய முனையைச் சில நாள் நிழலில் உலரவிட்டு, சூடான பருவத்தில், அதிக ஈரமில்லாத மண்ணில் நட வேண்டும். அடைமழையில் நட்டால் போத்து அழுகும். மழை தொடங்குவதற்குச் சற்று முன் நட்டு, வேர் பிடித்த பிறகு மழை பெறட்டும். இலையைப் பச்சையாகத் தின்னக் கூடாது. 15, 20 நிமிடம் கொதிக்க வைத்துத்தான் சாப்பிட வேண்டும். தவசிக்கீரைக் குச்சிக்கு இந்தத் தொல்லை இல்லை. மழைக்காலத்தில் அரைநிழலில் குத்திவைத்தால் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாகத் தோட்டத்தின் வயது. 1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் பெர்மாகல்ச்சர் முறைக்கு வடிவம் கொடுத்தபோது, ஆண்டுதோறும் உழுது விதைக்கும் பயிரிலிருந்து பல்லாண்டுப் பயிர்களுக்கு நகர்வதை மையமாக வைத்தார்கள். ஆகவே "எப்போது" என்றால் எந்தப் பருவம் என்பதோடு எந்த ஆண்டு என்பதும் சேர்ந்ததுதான். முதல் ஆண்டிலேயே எல்லாவற்றையும் நட்டுவிடும் ஆசை எல்லோருக்கும் வரும்.

நான் போகும் வரிசை இப்படி. முதல் ஆண்டில் மரக்கன்றுகள், தழைச்சத்து சேர்க்கும் செடிகள், காற்றைத் தடுக்கும் வேலி. அபூர்வக் காய்கறிகள் எல்லாம் ஒரு சிறு நாற்றங்காலில், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஸ்கிரெட்டும் சீ கேலும் விதையிலிருந்து வரும்போது முதல் ஆண்டில் மிகச் சிறியவை. களைக்கும் நத்தைக்கும் நடுவே அவற்றை விட்டால் இரண்டாம் வசந்தத்தைப் பார்க்காது. இரண்டாம் ஆண்டில், வேர் தேறிய பிறகு, நிலையான இடத்துக்கு மாற்றுங்கள்.

மாற்றும்போது அந்த இடம் பத்தாண்டு கழித்து எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ஆஸ்பராகஸ் ஒரே இடத்தில் 15, 20 ஆண்டு நிற்கும். இன்று முழு வெயில் படும் இடத்தில், பக்கத்துக் கன்று ஆறாம் ஆண்டில் நிழல் போட்டால் குருத்து மெலிந்துவிடும். வெயில் விரும்பிகள் எல்லாம் மரங்களின் நிழல் எட்டாத விளிம்புக்குப் போகட்டும். ராம்சன்ஸ், தவசிக்கீரை, கூவைக்கிழங்கு போன்றவை நிழல் உருவான பிறகு, நாலைந்து ஆண்டு கழித்து உள்ளே வரலாம். இலையுதிர்க்கும் மரத்தடியில் ராம்சன்ஸ் சுகமாக இருப்பதற்குக் காரணமே, மரம் தளிர்ப்பதற்கு முன் கிடைக்கும் வசந்த வெளிச்சத்தில் அது தன் வேலையை முடித்துக்கொள்வதுதான். மரமே இல்லாத வெட்டவெளியில் அதை முதல் ஆண்டில் நடுவது அர்த்தமில்லாதது.

பரவும் செடிகளைக் கடைசிக்கு வையுங்கள். ஜெருசலேம் ஆர்டிசோக்கும் சைனீஸ் ஆர்டிசோக்கும் (பெயர் அப்படி இருந்தாலும் இரண்டும் கிழங்குகள்) நடுவதற்கு மிகச் சுலபம்: வசந்தத் தொடக்கத்தில், மண்வெட்டி இறங்கும் பதம் வந்ததுமே நடலாம், உறைபனியைப் பற்றிக் கவலையில்லை. ஜெருசலேம் ஆர்டிசோக் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில், சைனீஸ் ஆர்டிசோக் அதைவிட மேலாக. ஆனால் ஒரு முறை நட்டால் எடுப்பது கஷ்டம். மண்ணில் தவறிக் கிடக்கும் சுண்டுவிரல் அளவுத் துண்டுகூட அடுத்த ஆண்டு செடியாகும். தோட்டத்தின் எல்லைகள், பாதைகள், நடுவில் வரப்போகும் மரங்கள் எல்லாம் முடிவான பிறகு, நாலு பக்கமும் அடைத்த ஓரிடத்தில் நடுங்கள்.

கொடிகளுக்கு ஏறுவதற்கு ஏதாவது முன்னால் இருக்க வேண்டும். மக்காச்சோளத்தின் மேல் அவரையை ஏற்றுவதாக இருந்தால், சோளம் 10, 15 சென்டிமீட்டர் உயர்ந்த பிறகுதான் அவரையை விதைப்பார்கள். சேர்த்து விதைத்தால் கொடி சோளத்தை அமுக்கிவிடும். சௌசௌ போன்ற கனமான கொடியை இளங்கன்று மேல் ஏற்றுவது கன்றை முறிப்பதில்தான் முடியும். மரம் தடித்து நிற்கும்வரை தனிப்பந்தல் போடுங்கள். ஏப்பியோஸ் என்ற வட அமெரிக்கக் கிழங்குக்கொடியை ஜெருசலேம் ஆர்டிசோக்கின் தண்டில் ஏற்றுவது நல்ல ஜோடி. இரண்டும் ஒரே நிலத்துக்காரர்கள், கொடி தழைச்சத்தும் சேர்க்கும். ஏப்பியோஸில் சொல்லிக்கொள்ளும்படி கிழங்கு எடுக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும்.

கிழங்குப் பயிர்களைத் தோண்டுவது மண்ணைக் கிளறுவதுதான், கிளறாத பாத்தி வைத்திருப்பவர்களுக்கு இது உறுத்தும். அதனால் தோண்டும் நாளையே நடும் நாளாக வைத்துக்கொள்ளலாம். ஜெருசலேம் ஆர்டிசோக், சைனீஸ் ஆர்டிசோக், ஏப்பியோஸ் எல்லாவற்றிலும் பெரியதை எடுத்துக்கொண்டு, நடுத்தரமானதை அதே குழியில் திரும்பப் புதைத்து மூடாக்குப் போட்டுவிடலாம். ஸ்கிரெட்டில் வேரை எடுத்துக்கொண்டு, முளை உள்ள தண்டடியைத் திரும்பப் புதையுங்கள். மண் உறையும் இடத்தில் ஓக்காவும் யாக்கோனும் விதிவிலக்கு. அவை குளிர்காலத்தை உள்ளே கழிக்க வேண்டும்.

விதையும் கிழங்கும் வாங்கும் நேரத்தையும் இதோடு சேர்த்துத் திட்டமிடுங்கள். ஸ்கிரெட் விதை கேரட் குடும்பத்தைச் சேர்ந்தது, பழசானால் முளைப்பு சட்டென்று விழும்; வரும் இலையுதிர்காலத்துக்கு வேண்டியதை மட்டும், அந்த ஆண்டு விதையாகக் கேட்டு வாங்குங்கள். சைனீஸ் ஆர்டிசோக்கின் கிழங்குக்குத் தோல் மெல்லியது, திறந்து வைத்தால் சில நாளில் சுருங்கிவிடும். பாத்தி தயாரான பிறகே அதை வரவழையுங்கள். நடுவதற்குத் தாமதமானால் ஈர மணலில் புதைத்து, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.